பழம்பொறியா, புதுப்பொறியா?

மகர்பட்டாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பெரும்பாலானவை கணிப்பொறியை நம்பிப் பிழைப்பவை. அத்தகைய குடியிருப்பின் ஆண்டு விழா மலரில் மரம் இழைக்கும் பொறியைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். வினவட்டும். வாரமெல்லாம் கணிப்பொறியோடு உழல்பவனுக்கே ஞாயிற்றுக்கிழமையில் உளியைப் பிடிக்க வேண்டும் என்ற அவா மிகுதியாக எழுகின்றது. நம் சங்கத்தாருள் நால்வர்க்கு அது எழுந்தது. குடியிருப்புக்கு வெளியே, புர்சுங்கியில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துச் சிறிய தச்சுப் பட்டறை அமைப்பது என்று முடிவு செய்தோம். உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் ஆகியவற்றை வாங்குவதில் கருத்து வேற்றுமை இல்லை. இழைப்புப் பொறியை வாங்கப் புகுந்தபோதுதான் நால்வரும் இரு கட்சியானோம். பழைய பொறி ஒன்றை வாங்கிச் செப்பனிடுவோம் என்றனர் இருவர். கடையில் புதியதை வாங்கி அன்றைக்கே வேலையைத் தொடங்குவோம் என்றனர் மற்றை இருவர். அவ்வழக்கைத் தீர்க்க முயன்றபோது நாம் அறிந்த செய்திகளே ஈண்டு எழுதப்படுகின்றன.

மரவேலைப் பொறிகளின் வரலாறு மிகப் பழையதன்று. வாளும் உளியும் இழைப்புளியும் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதன் கையாலேயே இயங்கி வந்தன. நீராற்றலால் இயங்கிய அறுவை ஆலைகள் ஐரோப்பாவில் நெடுங்காலமாக இருந்தனவெனினும், இழைத்தல், துளைத்தல், பொளித்தல் ஆகிய நுண்வேலைகளைப் பொறியிடம் ஒப்படைக்கும் எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் உருப்பெற்றது. இங்கிலாந்தின் சாமுவேல் பெந்தம் என்பார் 1791ஆம் ஆண்டிலும் 1793ஆம் ஆண்டிலும் இத்தகைய பொறிகளுக்கு உரிமை பெற்றார். இவர் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தத்தின் இளவல். தமையனார் வகுத்த புதுமுறைச் சிறைச்சாலையில், தொழில் அறியாத கைதிகளைக் கொண்டு வேலை வாங்குவதற்கே தம்பி இப்பொறிகளை எண்ணினார் என்பது நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். கைத்திறன் இல்லாதவன் கையாலும் திறமான வேலையைப் பெறுவது என்ற நோக்கம் பொறியின் பிறப்பிலேயே இருந்தது.

அந்நோக்கம் முழுமையாக நிறைவேறிய இடம் போர்ட்ஸ்மவுத் துறைமுகம். பாய்மரக் கப்பல்களின் கயிறுகளை இழுக்க மரக் கப்பிகள் வேண்டும். ஆங்கிலேயக் கடற்படைக்கோ ஆண்டுதோறும் அவை இலட்சக் கணக்கில் தேவைப்பட்டன. மார்க் இசம்பார்ட் புரூனல் 1801ஆம் ஆண்டில் அவற்றைச் செய்யும் பொறித் தொகுதிக்கு உரிமை பெற்றார். ஹென்றி மாட்ஸ்லி என்னும் கம்மியர் அவற்றை உருக்கொடுத்து வார்த்தார். நாற்பத்தைந்து பொறிகள் நீராவியால் இயங்கின. 1808ஆம் ஆண்டில் அங்கே செய்யப்பட்ட கப்பிகள் 1,30,000. முன்பு 110 தொழிலாளர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தனர். நூறு பேர் வேலை இழந்தனர் என்றும் இதனைப் படிக்கலாம். எப்படிப் படிப்பது என்பது படிப்பவன் தச்சனா, கணக்கனா என்பதைப் பொறுத்தது.

நமது வழக்குக்கு வேண்டிய செய்தி இனித்தான் வருகின்றது. அப்பொறிகளுள் சில ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் உழைத்தன. பாய்மரக் கப்பல் போய், நீராவிக் கப்பல் வந்து, எண்ணெய்க் கப்பலும் வந்த பின்னரும் அவை கப்பி செய்துகொண்டிருந்தன. மரச் சட்டங்களில் பொறி கட்டுவது வழக்கமாயிருந்த காலத்தில் மாட்ஸ்லி இரும்பால் கட்டினார். தேயும் உறுப்பைத் தனியே கழற்றி மாற்றும்படி அமைத்தார். இன்று அவற்றுட் சில லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளன.

பட்டை வாளின் கதை இதற்கு நேர்மாறானது. இரண்டு சக்கரங்களின் மீது வளையமாக ஓடும் வாளுக்கு வில்லியம் நியூபெரி 1808ஆம் ஆண்டிலேயே உரிமை பெற்றார். ஆனால் வளையமாகப் பற்றவைத்த எஃகுப் பட்டை ஓடத் தொடங்கியதும் அறுந்தது. எண்ணம் இருந்தது, எஃகு இல்லை. பிரான்சு நாட்டுப் பெண்மணி ஆன் போலின் கிரெபின் 1846ஆம் ஆண்டில் நல்ல பற்றவைப்பு முறையைக் கண்ட பிறகே பட்டை வாள் பட்டறைக்குள் வந்தது. பழையதெல்லாம் வலியது என்று பேசும் நம் நண்பர் ஒருவருக்கு இக்கதையை நாம் அடிக்கடி சொல்வதுண்டு.

இவையெல்லாம் ஆலைக்குரிய பொறிகள். ஒரு நீராவி எந்திரம் கூரையடியில் ஓடும் நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து தோல் வார்கள் இறங்கி ஒவ்வொரு பொறியையும் ஓட்டும். வீட்டில் வைக்க இயலுமா? மின்சாரமும் சிறிய மோட்டாரும் வந்த பின்னரே வீட்டுப் பட்டறை என்ற ஒன்று பிறந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஹெர்பர்ட் டாட்ஸ் 1919ஆம் ஆண்டில் தொடங்கிய டெல்டா நிறுவனம் மேசைமேல் வைக்கத்தக்க சிறு பொறிகளை விற்றுப் புகழ்பெற்றது. 1947ஆம் ஆண்டில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பார் அறுக்கவும் கடையவும் துளைக்கவும் தேய்க்கவும் ஒரே பொறியைச் சந்தைக்குக் கொணர்ந்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்து வீடு திரும்பிய அமெரிக்கக் குடும்பத் தலைவர்கள் வண்டி நிறுத்தும் அறைகளில் பட்டறை வைத்தனர். இன்று அவர்களுடைய பேரர்கள் அப்பொறிகளைத் துரு நீக்கிப் புதுப்பிக்கின்றனர்.

நம் நாட்டில் அத்தகைய வீட்டுப் பட்டறைக் காலம் ஒன்று இருந்ததில்லை. இங்கே மரவேலைப் பொறி வந்தது இரயில்வேக்கும் படைத்துறைக்கும் அறுவை ஆலைக்குமே. பெரம்பூர் பணிமனை போன்ற இடங்களில் தேக்கு மரத்தால் இரயில் பெட்டிகள் கட்டப்பட்ட காலம் அது. 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பெற்று, எஃகுப் பெட்டிகள் வெளிவரத் தொடங்கியதும் மரப்பெட்டிகளின் காலம் சாயத் தொடங்கியது. பழம்பொறிகள் ஏலத்துக்கு வந்தன. ஏலத்திலிருந்து சிறு பட்டறைக்கும், பட்டறையிலிருந்து பழைய இரும்புக் கடைக்கும் சென்றன.

நாம் வாழும் புனேயோ இரும்புத் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1854ஆம் ஆண்டில் பொதுப்பணிகளுக்கு ஆள் பயிற்றத் தொடங்கிய பள்ளியே பின்னர் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. பெல்காமில் 1888ஆம் ஆண்டு மிதிவண்டிக் கடை வைத்த இலட்சுமணராவ் கிர்லோஸ்கர், 1910ஆம் ஆண்டில் ஔந்து அரசர் அளித்த நிலத்தில் கிர்லோஸ்கர்வாடியை நிறுவி இரும்புக் கலப்பை வார்த்தார். அவர் குடும்பத்தாரின் ஆலைகள் பின்னர் கட்கியிலும் நம் ஹடப்சரிலும் எழுந்தன. ஹடப்சரின் மற்றொரு பகுதியில், நாம் இன்று அடுக்கு மாடியில் குடியிருக்கும் இதே மண்ணில், அப்போது கரும்பு விளைந்துகொண்டிருந்தது. மகர்பட்டாவின் ஏறத்தாழ நூற்றிருபது உழவர் குடும்பங்கள் தம் நானூறு ஏக்கர் அளவிலான நிலத்தை ஒன்றாகச் சேர்த்துத் தாமே பங்குதாரர்களாகி இந்நகரைக் கட்டியது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. பழையதை விற்றுவிடாமல் வேறொன்றாக்கிக்கொண்ட கூட்டம் ஒன்றின் நிலத்தில்தான் நாம் பழம்பொறி வழக்கைப் பேசிக்கொண்டிருந்தோம்.

மங்கள்வார் பேட்டையில் புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாரை அன்பர்கள் அறிவர். அங்கே நாம் ஒரு மழைக்கால ஞாயிற்றில் இழைப்புப் பொறி ஒன்றைக் கண்டோம். மராத்தியர் இழைப்புளியை 'ரந்தா' என்பர், உளியைப் 'பட்டாசி' என்பர். இவ்விரு சொற்கள் அச்சந்தையில் நமக்கு ஆங்கிலத்தைவிட அதிகம் உதவின. ஒன்பது அங்குல அகலம்; செய்தவர் பெயர்த் தகடு இல்லை, தகடு இருந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும். விற்பவர் கிலோ கணக்கில் விலை பேசினார். நாம் வாங்காவிடில் அது ஜால்னாவின் உருக்காலைகளுக்குச் சென்று கட்டடக் கம்பியாகிவிடும் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சிரிப்பே நம்மை வீழ்த்தியது.

நம் நால்வருள் ஒருவருடைய தந்தையார் அன்று உடன் வந்திருந்தார். திண்டுக்கல்லில் மர அறுவை மில் ஒன்றில் முப்பது ஆண்டு பணிசெய்த தச்சர். அகவை எண்பதைக் கடந்தவர். பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதுபோல், சிறு சுத்தியலால் பொறியின் உடலை அங்கங்கே தட்டினார். வார்ப்பிரும்பில் வெடிப்பு இருந்தால் ஒலி அமுங்கும்; இல்லையாயின் மணிபோல் நீளும். வெடித்த வார்ப்பைப் பற்றவைப்பது பெரும்பாடு ஆகையால், பழம்பொறி வாங்குவோர் முதலில் செய்யவேண்டிய சோதனை இதுவே. ஒலி நீண்டது. பின்பு அவர் குனிந்து, கத்திகள் பூட்டிய உருளையைப் பார்த்தார். அது உருளையாக இல்லை. நான்கு பட்டையான சதுரக் கட்டையாக இருந்தது.

"தம்பி, இரும்பு நல்லாயிருக்கு. அந்த நாலு மூலைக் கட்டையோட மட்டும் இதை ஓட்டாதீங்க" என்று சொல்லித் தம் இடக்கையைக் காட்டினார். சுட்டுவிரலின் மேற்கணு அதில் இல்லை. 1974ஆம் ஆண்டில் இதே போன்ற ஒரு சதுரக் கட்டை கொண்டுபோன கணு அது. அவ்விரலை அவருடைய மகன் பிறந்த நாள்முதல் கண்டிருக்கிறார். காரணத்தை அன்றுதான் கேட்டார்.

சதுரக் கட்டையின் தீமை எளிதில் விளங்கக்கூடியது. கட்டையின் மூலைகள் சுழல இடம் வேண்டுமாதலின், மேசையின் இரு பகுதிகளுக்கும் நடுவே அகன்ற இடைவெளி விட்டிருப்பார்கள். மரம் நழுவினால் விரல் அவ்விடைவெளிக்குள் இழுக்கப்படும். வட்ட உருளையில் இடைவெளி குறுகிவிடுகின்றது. காயம் பட்டாலும் மேலோடு போகும். இதனை உணர்ந்த பிரிட்டன், கையால் மரம் தள்ளும் இழைப்புப் பொறிகளுக்கு வட்ட உருளையே பூட்டவேண்டும் என்று 1922ஆம் ஆண்டு விதி செய்தது. நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் ஆபத்தான உறுப்புகளுக்குக் காப்பு வேலி வேண்டும் என்றது. எனினும் சட்டம் ஆலையின் வாயிலோடு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைத் தச்சனைக் காக்கும் ஆய்வாளர் எவரும் இலர்.

இங்கே புதுப்பொறிக் கட்சியாரின் வாதம் வலுத்தது. அதனை நாம் மறைக்க விரும்பவில்லை. அமெரிக்கரான ஸ்டீவ் காஸ் 1999ஆம் ஆண்டில் உருவாக்கி, 2004ஆம் ஆண்டுமுதல் விற்பனைக்கு வந்த வட்ட ரம்பம், தசை பட்ட மாத்திரத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடிக்குள் நின்றுவிடுகின்றது. பழைய பொறி எதுவும் இதைச் செய்யாது. மரத்தூள் மனிதர்க்குப் புற்றுநோய் தருவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. புதிய பொறிகளில் தூளை உறிஞ்சும் குழாய்க்கு வாய் வைத்தே செய்கின்றனர். பழையவற்றில் தூள் தச்சன் மூக்குக்கே போகும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலரத் தேய்த்தால் அத்தூளும் சேரும்.

ஆயின் புதியவை எல்லாம் இத்தகையவையா? நம் கடைவீதியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சிறு பொறிகளுட் பல தகட்டாலும் மென்வார்ப்பாலும் ஆனவை. மேசை நேராக இராவிட்டால் மரம் நேராக வாராது. ஓராண்டு சென்று உறுப்பு ஒன்று உடைந்தால், அவ்வுறுப்பு விற்பனைக்கு இல்லை, முழுப் பொறியையும் மாற்றுக என்று விடை வரும். அவற்றின் மோட்டார் எழுப்பும் அலறலோ தனிக்கதை. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வரையறுத்துள்ளன. புர்சுங்கிக் கொட்டகையை நாம் வாடகைக்குப் பிடித்ததற்கு அவ்விதியைவிட நம் இல்லத்தரசியர் விதித்த விதியே முதற்காரணம் என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம்.

இவ்விரு கட்சிக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டென்பதை நமக்குக் காட்டியது நீலகிரி மலை இரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரப் பாதையில் ஏறும் நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1914ஆம் ஆண்டுமுதல் செய்யப்பட்டவை. அவை மூத்துத் தளர்ந்தபோது, நீராவியைக் கைவிடுவதா, பழையனவற்றையே மேலும் மேலும் ஒட்டுப்போடுவதா என்ற கேள்வி எழுவது இயல்பு. திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையார் அதே அமைப்பில் புதிய எஞ்சின்களைத் தாமே கட்டினர். 2010களின் தொடக்கத்தில் எண்ணெயால் எரியும் எஞ்சின்கள் நான்கு வந்தன; 2021ஆம் ஆண்டில் நிலக்கரியால் எரியும் எஞ்சினும் வந்தது. பழைய அமைப்பில் எது சிறந்ததோ அது நின்றது. தேய்ந்த இரும்பு போயிற்று. பொன்மலையாரிடம் இருந்தது வரைபடம் மட்டும் அன்று, அதைப் படித்து வார்க்கவும் கடையவும் அறிந்த கைகளும் இருந்தன.

நாமும் நம் அளவில் அவ்வாறே செய்ய முடிவு செய்து, பொறியை வாங்கினோம். சதுரக் கட்டையை முதலில் கழற்றி, மீண்டும் எவர் கையிலும் சிக்காதபடி அறுத்து இரும்புக்குப் போட்டோம். ஆயத்தமாக விற்கும் வட்ட உருளையை வாங்கிப் பூட்டினோம். ஊரார் லேத்தில் ஒன்று கடைந்துகொள்ளலாம் என்ற யோசனையைப் பெரியவர் மறுத்துவிட்டார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,800 முறை சுழலும் பொருளில் எடை ஒருபுறம் கூடினாலும் அது எறிபொருளாகும் என்றார். பழைய ஈய வார்ப்புத் தாங்கிகளுக்குப் பதிலாக 6205 என்னும் எண்ணுள்ள பேரிங்குகளை அமைத்தோம். உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. இவ்வெண்ணைச் சொன்னால் உலகில் எக்கடையிலும் அதே அளவு கிடைக்கும். பழம்பொறியைச் செப்பனிடுவோர்க்கு இத்தகைய பொது அளவுகளே பெருந்துணை.

மரைகள் அப்படித் துணைசெய்யவில்லை. பொறியில் இருந்தவை ஜோசப் விட்வொர்த் 1841ஆம் ஆண்டில் வகுத்த அளவினவை. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டுக்கு அங்குலத்துக்குப் பன்னிரண்டு மரை. அமெரிக்க அரை அங்குலத்துக்குப் பதின்மூன்று. இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. நம்மில் ஒருவர் போஹ்ரி ஆளியில் வாங்கிய போல்ட்டை இரண்டு சுற்று எளிதாக ஏற்றி, மூன்றாம் சுற்றில் வலிந்து முறுக்கி, வார்ப்பிலிருந்த மரையை அழித்துவிட்டார். அவர் யார் என்பது இக்கட்டுரையை எழுதுவோர்க்கு நன்றாகத் தெரியும்.

துரு நீக்கச் சலவைச் சோடாக் கரைசலில் இரும்பை ஆழ்த்தி மின்கலச் சார்ஜரால் நேர்மின்சாரம் செலுத்தினோம். எதிரே வைக்கும் தகடு சாதாரண இரும்பாக இருத்தல் வேண்டும். துருப்பிடிக்காத எஃகை வைத்தால் நச்சுள்ள குரோமியம் கரைசலில் இறங்கும். எழும் வாயு ஹைட்ரஜன் ஆகையால் வெட்டவெளியிலேயே செய்தோம். மோட்டாரோ மூன்று பேஸ் மின்சாரத்துக்கு உரியது. கொட்டகையில் இருப்பது ஒரு பேஸ். முன்பு இவ்விடத்தில் பலர் முயற்சியைக் கைவிட்டிருப்பர். இன்று ஒரு பேஸை வாங்கி மூன்றாக்கித் தரும் மின்னணுப் பெட்டி எளிதில் கிடைக்கின்றது. மோட்டாரின் கம்பிகளை 230 வோல்ட்டுக்கு உரிய டெல்டா முறையில் மாற்றி இணைத்ததும் ஓடியது. பழைய இரும்பைப் புதிய மின்னணு ஓட்டுகின்றது.

செலவுக் கணக்கையும் மறையாது கூறுவோம். பொறிக்கு 14,000 ரூபாய். உருளை, கத்தி, பேரிங், பெல்ட், மின்பெட்டி, காப்பு மூடி, தூள் உறிஞ்சும் வாய் எல்லாம் சேர்ந்து மேலும் 31,000. இது அதே அகலமுள்ள புதிய உள்நாட்டுப் பொறி ஒன்றின் விலைக்கு ஏறத்தாழ வந்துவிட்டது. பதினொரு ஞாயிறுகளின் உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. எனவே பணத்தை மிச்சம் பிடிக்க எண்ணிப் பழம்பொறியை நாடுவோர் நாடாதிருப்பதே நன்று. தீபாவளிக்குள் பிள்ளைகளுக்கு மேசை செய்தாக வேண்டும் என்பவரும் புதியதையே வாங்குக. வெடிப்புள்ள வார்ப்பையும், காப்பு மூடி பொருத்த இடமில்லாத வட்ட ரம்பத்தையும் எவரும் தொடவேண்டா. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து தட்டிப் பார்த்துச் சொல்லும் வாய்ப்பு உள்ளவர்கள் மட்டும், அவர் இருக்கும்போதே தொடங்குக.

நாள் ஒன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முழுவதும் ஒரே சக்கரத்தில் உழைத்ததாக ஔவையார் அதியமானைப் பற்றிய புறநானூற்றுப் பாடல் ஒன்றில் உவமை வைத்திருக்கிறார். பதினொன்றாம் ஞாயிறன்று இதை நாம் எடுத்துச் சொன்னபோது, திண்டுக்கல் பெரியவர் அவசரப்படவில்லை. மேசையின் இரு பாதிகளையும் நேர்ச்சட்டம் வைத்து நான்காம் முறை அளந்துகொண்டிருந்தார். பிற்பகல் நான்கு மணிக்குப் பொறியை ஓடவிட்டு, ஒரு முழ நீளத் தேக்குத் துண்டை அவரே முதலில் தள்ளினார். தள்ளுகட்டையால்தான் தள்ளினார்; விரலால் அன்று. இழைத்த முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மகனிடம் கொடுத்தார்.

பொறி இப்போது புர்சுங்கிக் கொட்டகையில் இருக்கின்றது. சங்க உறுப்பினர் எவரும் ஞாயிறு பிற்பகல்களில் வந்து காணலாம். பன்னிரண்டு அகவைக்குக் குறைந்த சிறுவர்கள் கோட்டுக்கு அப்பால் நின்று காண்க. வழிகாட்டிச் சட்டத்தை இறுக்கும் திருகுகள் 7/16 அங்குல விட்வொர்த் அளவின; நான்கு வேண்டும், இரண்டே கிடைத்துள்ளன. எவர் வீட்டுப் பரணிலேனும் பழைய பெட்டியில் அத்தகையவை இரண்டு இருப்பின், விழா அன்று பந்தலில் நம்மைச் சந்திக்க வேண்டுகின்றோம்.